இடையிடையே நிற்கும் வண்டி

பல்வலியோடு வைத்தியரிடம் செல்பவர்களுள் பலருக்கு ஓர் அனுபவம் உண்டு. இரவெல்லாம் தூங்கவிடாமல் வருத்திய வலி, வைத்தியர் வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் மறைந்துவிடும். "எந்தப் பல்?" என்று அவர் கேட்டால் விரல் வைத்துக் காட்ட இயலாது. வெட்கத்தோடு வீடு திரும்பியதும் வலி மீண்டும் தொடங்கும். இயந்திரங்களுக்கும் இத்தகைய நோய் உண்டு. அதனைப் பற்றியே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச எண்ணுகிறேன்.

முற்றும் கெட்டுப்போன இயந்திரத்தைச் சீர்செய்வது ஓரளவு எளிது. கெட்டது கெட்டபடியே நம் முன் கிடக்கும், பொறுமையாகத் தேடலாம். விட்டு விட்டுத் தோன்றும் பழுதோ அப்படியன்று. தேடுகிற வேளையில் அது ஒளிந்து கொள்ளும். தேடுவதை விட்டுவிட்டு நாம் சாலையில் ஏறியதும் வெளிப்படும். மின்சாரத்தால் வரும் பழுதுகளில் இந்தக் குணம் மிகுதி.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவு. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பழைய ஜி.எஸ்.டி. சாலையின் ஒரு பகுதி அது. நான் இளைஞனாக இருந்தபோது அந்தச் சாலையில் மாட்டு வண்டிகளும் பேருந்துகளும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுச் சென்றன. பின்னர் அது நான்கு வழிச் சாலை ஆயிற்று. விக்கிரவாண்டியைக் கடந்து கூட்டேரிப்பட்டை நோக்கி வரும்போது லாரிகளும் பேருந்துகளும் காற்றாய்ப் பறக்கும். அந்தச் சாலையின் நடுவில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பு, என் பழைய மாணவர் ஒருவர் மாலை நேரத்தில் என் வீட்டுக்கு வந்தார். அவர் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வைத்துப் பிழைப்பு நடத்தி வந்தவர். மயிலம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கல்லூரிப் பெண்களைக் காலையில் விழுப்புரத்தில் இறக்கிவிட்டு, மாலையில் வீடு சேர்ப்பார். வண்டிக்கு அப்போது வயது இருபதுக்கு மேல்.

"ஐயா, வண்டி என்னை ஏமாற்றுகிறது," என்றார். "ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கை அணைத்தாற்போல இன்ஜின் நின்றுவிடும். சில சமயம் ஒரு நொடியில் தானாகவே உயிர் பெறும். சில சமயம் ஓரங்கட்டி நிறுத்திச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல ஓடும். மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டிவிட்டேன். அவர்கள் முன்னால் ஒரு முறைகூட நிற்கவில்லை."

மூவரும் வெறுங்கையோடு அவரை அனுப்பவில்லை. ஒருவர் பிளக்குகளை மாற்றினார். இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பெட்ரோல் பம்பையும் புதிதாக்கினார். மூன்றாமவர் காயிலை மாற்றிவிட்டு, "வண்டியில் குறையில்லை, ஓட்டுகிற காலில்தான் குறை," என்று கூறி அனுப்பிவிட்டார். அதற்கு மறு வாரம், பன்னிரண்டு பெண்கள் அமர்ந்திருக்க, விக்கிரவாண்டிக்கு வடக்கே வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஓட்டி முழு வலிமையோடு பிரேக்கை மிதித்து, ஒரு முழ இடைவெளியில் விலகிச் சென்றான். எவருக்கும் காயமில்லை. ஆயினும் அன்று மாலையே இரண்டு வீட்டார் தங்கள் பெண்களை இனி அனுப்புவதற்கில்லை என்று சொல்லிவிட்டனர். அந்த நேரத்துக்கு வேறு பேருந்து இல்லாத ஊர்கள் அவை. வேன் இல்லையென்றால் அந்த இருவருக்கும் கல்லூரி இல்லை.

அவர் சொன்னதை நான் உடனே நம்பினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்லுவதற்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த சில ஆண்டுகளில், பள்ளியின் மின்சார மணியை நேரம் பார்த்து அடிக்கும் பொறுப்பை ஒரு மாணவனிடம் ஒப்படைத்திருந்தேன். சில நாட்களில் மணி அடிக்காது. "பொத்தானை அழுத்தினேன் ஐயா, அடிக்கவில்லை," என்பான். நான் சென்று அழுத்தினால் கணீரென்று அடிக்கும். மூன்றாம் முறை இவ்வாறு நேர்ந்தபோது, பொய் சொல்லுகிறான் என்று வகுப்பறிய அவனைத் தண்டித்தேன். கோடை விடுமுறையில் சுவருக்கு வெள்ளையடிக்கப் பொத்தானைக் கழற்றியபோதுதான், உள்ளே ஒரு திருகாணி தளர்ந்து கம்பி ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டேன். நான் ஓங்கி அழுத்துவேன். அவன் சிறு பையன், மெல்ல அழுத்துவான். அவ்வளவுதான் வேறுபாடு. ஆகவே, "என் முன்னால் நடக்கவில்லை, எனவே நடக்கவேயில்லை," என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லாமற் போயிற்று.

வண்டியின் கதைக்கு வருவதற்கு முன், பெட்ரோல் இன்ஜினில் மின்சாரம் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த மின்சார மணியே இதற்கும் வாயில். மணியில் மின்காந்தம் ஒரு தகட்டை இழுக்கிறது, இழுத்த உடனே தொடர்பு அறுகிறது, தகடு திரும்புகிறது, மீண்டும் தொடர்பு ஏற்படுகிறது. சேர்வதும் பிரிவதுமாக மின்னோட்டம் துடித்துக்கொண்டே இருக்கிறது. பழைய பெட்ரோல் இன்ஜினிலும் இத்தகைய ஒரு சேர்க்கை உண்டு. பட்டறையில் அதனைப் பாயிண்ட் என்பர். அதனைத் திறந்து மூடும் வேலையை இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு தண்டு செய்கிறது.

பாட்டரியிலிருந்து 12 வோல்ட்டு மின்சாரம் சாவி சுவிட்ச் வழியாகக் காயிலுக்குச் செல்கிறது. காயிலுக்குள் தடித்த கம்பிச் சுற்று ஒன்று, அதனோடு மிக மெல்லிய கம்பியாலான பல்லாயிரம் சுற்றுகள் இன்னொன்று. தடித்த சுற்றில் ஓடிய மின்னோட்டம் பாயிண்டைக் கடந்து, இன்ஜினின் இரும்பு உடலின் வழியே பாட்டரிக்குத் திரும்புகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் நிறைகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அப்புலம் சரிந்து விழுகிறது. அவ்வீழ்ச்சி மெல்லிய சுற்றில் 15,000 முதல் 20,000 வோல்ட்டு வரை மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல் தத்துவமே இது. இந்த உயர் அழுத்தத்தை டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் உறுப்பு ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கிடுகிறது. பிளக்கின் முனையில் தீப்பொறி தாவுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி பற்றுகிறது.

இந்த ஏற்பாட்டை மோட்டார் வண்டிக்குப் பொருத்தமாக வடிவமைத்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1910ஆம் ஆண்டையொட்டி காடிலாக் வண்டிகளில் அது இடம் பெற்றது. இளமையில் அவர் ஒரு பள்ளி ஆசிரியர். அதனால் அவரிடம் எனக்குச் சிறிது கூடுதலான பற்று என்பதை மறைப்பானேன்?

இப்போது ஒரு சிறு கணக்கு. நான்கு உருளைகள் உள்ள இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு சுழற்சிக்கு ஒரு பொறி வேண்டும். ஆக நிமிடத்துக்கு 6,000 பொறிகள், நொடிக்கு 100. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் செல்கிறது. எங்கோ ஒரு கம்பி அரை நொடி நேரம் தொடர்பை விட்டால் ஐம்பது பொறிகள் தொலைந்து போகின்றன. வண்டி எட்டு மீட்டர் தூரம் உயிரின்றி ஓடுகிறது.

டீசல் வண்டிக்குப் பொறி வேண்டியதில்லை. அங்கே அமுக்கத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகவே பழைய மட்டடார் போன்ற டீசல் வேன்களில் இந்த நோய் அரிது. எரிபொருளை அடைக்கும் மின்கதவு உள்ள வண்டிகளில் மட்டும் அதன் கம்பி விட்டுப்போனால் இன்ஜின் நிற்கும். 1984இல் வெளிவந்து, ஆம்னி என்ற பெயரோடு 2019 வரை உற்பத்தியான மாருதி வேன் முதலியவை பெட்ரோல் வண்டிகள். நான் சொல்லும் வண்டி எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே வேண்டுவதில்லை. இருபது ஆண்டு வெயிலும் மழையும் பட்ட கம்பி எவர் செய்த வண்டியில் இருந்தாலும் ஒன்றுதான்.

நான் மெக்கானிக் அல்லேன். பௌதிகம் கற்பித்த ஆசிரியன். எனவே எனக்குத் தெரிந்த ஒரே கருவியை அவர் கையில் கொடுத்தேன். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். "தம்பி, இனி எந்த உறுப்பையும் மாற்றாதே. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எழுது. நாள், நேரம், இடம், வெயிலா மழையா, புறப்பட்டு எவ்வளவு நேரம், என்ன வேகம், எந்தக் கியர், உன் கால் எங்கே இருந்தது, வண்டியில் ஆள் இருந்தார்களா, திரும்ப எப்படி ஓடியது, எல்லாவற்றையும் எழுது. கல்லூரிப் பெண்களுக்கு மட்டும் இப்போதைக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்," என்றேன். வாடகை வண்டி பிடித்துக் கொடுத்ததில் அவருக்கு அந்த மாதம் கைந்நட்டம்தான். ஆயினும் மறுக்காமல் செய்தார்.

நோட்டுப் புத்தகம் நிரம்பும் முன்பே நான் ஒரு தவறு செய்தேன். அவருடைய சாவியைப் பார்த்தேன். வண்டிச் சாவியோடு வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, பித்தளையில் ஒரு வேல், ஆக ஒரு பெருங்கொத்து தொங்கிக் கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன். ஏனெனில் 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்த செய்தி என் நினைவில் இருந்தது. அந்தக் கார்களின் சாவி சுவிட்சில் சாவியை நிலைநிறுத்தும் சிறு வில் வலுக்குறைவாக அமைந்திருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, முழங்கால் இடித்தாலோ, ஓடும் காரிலேயே சாவி திரும்பி இன்ஜின் நின்றுவிடும். விபத்தில் காக்க வேண்டிய காற்றுப் பைகளும் விரியா. 124 உயிர்கள் இதனால் போயின என்பதை அந்நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது.

அந்தக் கதையில் மாணவர்கள் அறிய வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வாக்கில் அந்தச் சுவிட்சைத் திருத்தி, வலுவான வில்லை வைத்தார்கள். ஆனால் உறுப்பின் எண்ணை மாற்றவில்லை. பழைய சுவிட்சும் புதிய சுவிட்சும் ஒரே எண்ணைத் தாங்கி நின்றன. பிந்திய கார்களில் மட்டும் ஏன் பழுது குறைகிறது என்று ஆராய்ந்தவர்கள், ஏட்டைப் பார்த்த வரையில், மாற்றம் எதனையும் காண முடியவில்லை. ஒரு வழக்குக்காகப் பொறியாளர் ஒருவர் இரண்டையும் பிரித்து உள்ளே ஒப்பிட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது.

இவ்வளவும் நினைவில் இருக்க, சாவிக்கொத்தைக் கழற்றி வண்டிச் சாவியை மட்டும் தனியே போடச் சொன்னேன். நான்கு நாள் வண்டி நிற்கவேயில்லை. ஐந்தாம் நாள் இரண்டு முறை நின்றது. நான்கு நாள் பழுது தோன்றாமையால் அது தீர்ந்துவிட்டது என்று நான் எண்ணியது பெரும் பிழை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறையே வரும் பழுது, நான்கு நாள் வராமலிருப்பதில் வியப்பென்ன?

மூன்று வாரம் கழித்து அவர் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பதினொரு நிகழ்ச்சிகள். திண்ணையில் அமர்ந்து இருவரும் படித்தோம்.

முதலாவது, இன்ஜின் இருமித் திணறி நிற்கவில்லை, பட்டென்று நின்றது. பெட்ரோல் வராமற் போனால், குழாயில் எஞ்சியது தீரும் வரையில் இன்ஜின் தள்ளாடும், குலுங்கும், பிறகே நிற்கும். மின்சாரம் போனால் அந்தக் கணமே நிற்கும். மேலும், தானாக உயிர்பெற்ற இரண்டு முறை சைலன்சரில் வெடிச் சத்தம் கேட்டதாக எழுதியிருந்தார். பொறியின்றி எரியாமல் வெளியேறிய பெட்ரோல் ஆவி சைலன்சரில் தங்கி, பொறி திரும்பியதும் பற்றி வெடிப்பதே அது. பெட்ரோல் வந்துகொண்டுதான் இருந்தது. பம்பை மாற்றிய செலவு வீண்.

இரண்டாவது, சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. காயிலும், பாயிண்டோடு இணைந்த கண்டென்சரும் முதுமையில் சூடேறினால் வேலைநிறுத்தம் செய்வதுண்டு. அப்போது வண்டி நின்றால் கால் மணி நேரம் ஆறவிட்ட பின்பே ஓடும். இங்கே விடியற்காலையில் புறப்பட்ட சில நிமிடங்களிலும் நின்றிருக்கிறது. உடனே ஓடியும் இருக்கிறது. மழையும் குற்றவாளி அன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்து, பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். இந்த மூன்று வாரத்தில் மழைநாள் இரண்டு. அவ்விரண்டிலும் வண்டி நிற்கவில்லை.

மூன்றாவது செய்திதான் என்னைச் சிந்திக்க வைத்தது. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்து நெரிசலில் நின்று ஊர்ந்தபோது ஒரு முறையும் நிற்கவில்லை. மேட்டில் முழுதாக மிதித்து ஏறும்போதும் நிற்கவில்லை. வேகம் பிடித்தபின் காலை மெல்ல வைத்து, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லும்போதே நின்றிருக்கிறது. ஆள் நிறைந்து செல்லும்போது குறைவு. வெறும் வண்டி திரும்பும்போது மிகுதி. காலை எடுத்தால் சில சமயம் தானே திரும்பி வந்திருக்கிறது. "ஓட்டுகிற காலில்தான் குறை" என்ற அந்த மெக்கானிக் தம்மை அறியாமலே பாதி உண்மையைச் சொல்லிவிட்டார் போலும்!

இந்த ஏட்டோடு விழுப்புரத்தில் ஒரு சிறு பட்டறைக்குச் சென்றோம். அந்த முதிய மெக்கானிக் நாங்கள் எழுதியதைப் பொறுமையாகக் கேட்டார், அதுவே பெரிது. முதலில் அவர் பாட்டரி முனைகளையும், இன்ஜினையும் வண்டி உடலையும் இணைக்கும் எர்த் பட்டையையும் சோதித்தார். இன்ஜின் ரப்பர் திண்டுகளின்மேல் அமர்ந்திருப்பதால், அந்தப் பட்டை இல்லாவிடில் மின்சாரம் திரும்ப வழியில்லை. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளப் பக்கம் அடிக்கடி சென்று வரும் வண்டிகளில் இப்பட்டைகள் உப்புக் காற்றால் பச்சை பூத்து அரித்துப்போவதை அவர் பல முறை கண்டவர்.

இவ்விடத்தில் ஓம் விதியை நினைவுகூருங்கள். காயிலின் தடை 3 ஓம், பாட்டரி 12 வோல்ட்டு என்றால் மின்னோட்டம் 4 ஆம்பியர். துருப்பிடித்த ஓர் இணைப்பு 1 ஓம் தடையைக் கூட்டினால் மின்னோட்டம் 3 ஆம்பியராகக் குறையும். கால் பங்குதானே குறைந்தது என்று எண்ணுவீர்கள். காந்தப்புலத்தில் சேரும் ஆற்றலோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பதினாறில் ஒன்பது பங்காக, ஏறத்தாழப் பாதியாக இறங்கிவிடும். இத்தகைய இணைப்பை இன்ஜின் நின்றிருக்கும்போது தடைமானியால் அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அம்மானி அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறிது. முப்பது இழையில் ஓர் இழை எஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும். நைந்த கயிறு வெறும் வாளியைத் தாங்கும். நீர் நிறைந்தால் அறும். ஆகையால் மின்னோட்டம் ஓடும்போதே இணைப்பின் இரு பக்கத்திலும் வோல்ட்டுமானியை வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டு அங்கே காட்டினாலும் அந்த இணைப்பு சந்தேகத்துக்கு உரியது. எங்கள் வண்டியில் முள் அசையவேயில்லை.

பிறகு அவர் செய்த வேலையை நான் என்றும் மறவேன். இரண்டு சிறு பல்புகளை எடுத்தார். ஒன்றைக் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையில் இணைத்தார். மற்றொன்றைக் காயிலிலிருந்து பாயிண்டுக்குச் செல்லும் முனையில் இணைத்தார். நீண்ட கம்பிகளால் இரண்டையும் என் மடிக்குக் கொண்டுவந்தார். "ஐயா, நீங்கள் சாலையைப் பார்க்க வேண்டாம், பல்பை மட்டும் பாருங்கள். அவர் பல்பைப் பார்க்க வேண்டாம், சாலையை மட்டும் பார்க்கட்டும்," என்றார்.

வெறும் வண்டியில் விடியற்காலையில், பெருஞ்சாலையை ஒட்டிய கிளைச் சாலையில் சென்றோம். முதல் பல்பு நிலையாக எரிந்தது. இரண்டாவது மங்கலாக மினுக்கிக் கொண்டிருந்தது. பாயிண்ட் திறந்து மூடுவதன் அடையாளம் அது. நான்காம் சுற்றில் இன்ஜின் நின்றது. முதல் பல்பு அப்படியே எரிந்தது. ஆகவே பாட்டரி, பியூஸ், சாவி சுவிட்ச் ஆகிய அனைத்தும் நிரபராதிகள். இரண்டாம் பல்பு மினுக்குவதை நிறுத்தி, அசையாமல் பளிச்சென்று எரிந்தது. காயிலைக் கடந்து வந்த மின்சாரத்துக்குப் பாயிண்ட் வழியே தரைக்கு இறங்க வழி இல்லை. எனவே பல்பின் வழியாக இறங்கிற்று. காயிலுக்கும் பாயிண்டுக்கும் இடையில் எங்கோ அறுந்திருக்கிறது. அறுதியிட்டுச் சொல்லக்கூடிய முதல் செய்தி அதுவே.

பட்டறைக்குத் திரும்பி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே பாயிண்டைத் தாங்கும் வட்டத் தகடு நிலையாக இருப்பதன்று. சிறிது திரும்பக் கூடியது. ஏன் என்று கேட்பீர்கள். இன்ஜினுக்குச் சுமை குறைவாக இருக்கும்போது உருளைக்குள் ஆவி அடர்த்தி குறைந்து மெல்ல எரியும். அப்போது பொறி சற்று முன்னதாகவே விழுதல் நலம். அதற்காகக் கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வருகிறது. காலை மெல்ல மிதித்தால் அக்குழாயில் உறிஞ்சும் விசை தோன்றி, ஒரு சவ்வை இழுத்து, அதனோடு தகட்டையும் சில பாகை திருப்புகிறது. காலை எடுத்துவிட்டாலோ முழுதாக மிதித்தாலோ உறிஞ்சுதல் குறைந்து தகடு பழைய இடத்துக்கு மீளும்.

நோட்டுப் புத்தகம் சொன்னதும் இதனையே அன்றோ? நெரிசலில் நிற்கவில்லை, மேட்டில் நிற்கவில்லை, மெல்ல மிதித்தால் நிற்கிறது, சுமை குறைந்தால் மிகுதி, காலை எடுத்தால் உயிர் பெறுகிறது! முந்தைய மெக்கானிக்குகள் பட்டறையில் ஓங்கி மிதித்து உறும வைத்தார்கள். அல்லது மிதிக்காமலே ஓடவிட்டார்கள். மெல்லப் பிடித்து நெடுநேரம் நிறுத்திப் பார்க்கவில்லை.

முதியவர் இன்ஜினை ஓடவிட்டு, அந்த மெல்லிய குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினார். ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் உறிஞ்சினார். இல்லை. மூன்றாம் முறை உறிஞ்சியதும் இன்ஜின் பட்டென்று நின்றது. என் பழைய மாணவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதன்முறையாக இன்னொருவர் முன்னிலையில் அவர் வண்டி நின்றிருந்தது.

தகட்டோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும்படி பாயிண்டுக்கு ஒரு விரல் நீளக் கம்பி செல்கிறது. மேலுறை நன்றாகவே இருந்தது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். ரப்பரைப் போல் நீண்டது. உள்ளே செப்பு இழைகள் யாவும் அறுந்து, உறை மட்டுமே தாங்கிக் கொண்டிருந்தது. கம்பித் துண்டை இப்படியும் அப்படியும் பல முறை வளைத்து ஒடித்திருப்பீர்கள். அதே செயல்தான் இங்கும். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை வளைந்து, இழை இழையாக அறுந்திருக்கிறது. தகடு ஒரு நிலையில் இருந்தால் அறுந்த முனைகள் முத்தமிட்டுக் கொள்ளும், திரும்பினால் விலகும்.

அருகிலிருந்த பையன் வீட்டு மின்கம்பித் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான். முதியவர் வாங்கவில்லை. ஒற்றைத் தடிக்கம்பி வளைய வளைய விரைவில் ஒடியும். நுண்ணிய இழைகள் பல சேர்ந்த மெல்லிய கம்பியே அந்த இடத்துக்கு ஏற்றது. அத்தகைய கம்பியைத் தேடி எடுத்து, முனைகளைப் பற்றவைத்துப் பொருத்தினார். அதே தகட்டின் எர்த் கம்பியையும் கேளாமலே மாற்றினார். அதற்கும் வயது அதேதான் என்றார். மாற்றிய பிளக், பம்பு, காயில் ஆகியவற்றின் விலையோடு ஒப்பிட்டால், அந்த விரல் நீளக் கம்பியின் விலை ஒரு பொருட்டன்று.

2000ஆம் ஆண்டையொட்டிப் பிறகு வந்த வண்டிகளில் பாயிண்டும் கார்புரேட்டரும் படிப்படியாக மறைந்தன. சுழல் தண்டின் நிலையை உணரும் கருவியும் ஒரு சிறு கணிப்பொறியும் அவ்விடத்தைப் பிடித்தன. பழுதின் குறியீட்டை அந்தக் கணிப்பொறியே பதிந்து வைத்துச் சொல்லும். ஆயினும் அது உணர்கருவியைக் குறை சொன்னால், பல வேளைகளில் கருவி நன்றாகவே இருக்கும். அதற்குச் செல்லும் கம்பியோ இணைப்போ ஆடிக்கொண்டிருக்கும். அங்கும் எந்த நிலையில் நிகழ்கிறது என்று எழுதிவைத்துத்தான் தேட வேண்டியிருக்கிறது.

உங்களில் வண்டி ஓட்டும் வயது வந்தவர்களுக்கு ஒன்று. ஓடும்போது இன்ஜின் நின்றால் சாவியைப் பூட்டும் நிலைக்குத் திருப்பக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிப்புக்கே எஞ்சியிருக்கும். ஆகையால் விட்டுவிட்டு மிதியாமல் ஒரே சீராக அழுத்த வேண்டும். எஞ்சிய வேகத்தை வீணாக்காமல் இடப்புற ஓரத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஆட்களைச் சாலைக்கு அப்பால் இறக்கிவிட்ட பிறகே மூடியைத் திறக்கலாம். ஓடும் இன்ஜினில் பிளக் கம்பிகளை வெறுங்கையால் தொடுவதோ, பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் பொறி சோதிப்பதோ எவருக்கும் தகாது.

மேலும் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதும்படி சொன்னேன். சாவிக்கொத்தில் ஏமாந்தவன் அல்லவா? நாள்தோறும் தேதியிட்டு, "இன்று நிற்கவில்லை," என்று அவர் எழுதினார். வீட்டில் நிறுத்தப்பட்ட இரண்டு பெண்களுள் ஒருத்தி மறு வாரமே வேனில் ஏறினாள். மற்றொருத்தியின் தந்தை அந்த ஏட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்து, மாதம் முடிந்த பிறகே மகளை அனுப்பினார். அதன் பின்னர் ஏட்டை என்னிடம் கொண்டுவந்தார். எழுதாத பக்கங்கள் பாதிக்கு மேல் இருந்தன. அவற்றில் அவருடைய மகள் பெருக்கல் கணக்குகளைப் போட்டிருந்தாள்; இரண்டு தவறு. திருத்திக் கொடுத்தனுப்பினேன்.